பழைய கேமரா விற்றேன், சம்பளக் கணக்கு முடங்கியது

நிக்கான் டி7200, கூடவே 18-140 லென்ஸ். பையன் பிறந்த பிறகு படமெல்லாம் மொபைலிலேயே என்று ஆகிவிட்டதால் பீரோவில் சும்மா கிடந்தது. ஆன்லைனில் விளம்பரம் போட்டேன். ராணுவத்தில் இருக்கிறேன், க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வரும் என்று வந்த இரண்டு பேரையும் சிரித்துக்கொண்டே பிளாக் செய்தேன். பணம் வாங்க யூபிஐ பின் போட வேண்டியதில்லை என்பதெல்லாம் தெரிந்தவன், என்னை எவன் ஏமாற்றுவான் என்ற தெனாவெட்டு. கடைசியில் என்னை ஏமாற்றியவன் முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பியவன்.

பெங்களூரில் இருக்கும் தமிழ்ப் பையன். பேரம்கூட அதிகம் பேசவில்லை, 38,000 ரூபாய்க்கு முடிந்தது. மதுரையிலிருந்து கூரியரில் அனுப்பினேன். தெர்மாகோல் வைத்து, பபிள் ஷீட் சுற்றி, அழகாகத்தான் பேக் செய்தேன். வீடியோ மட்டும் எடுக்கவில்லை.

நான்காம் நாள் போன். "அண்ணா, லென்ஸுக்குள்ள பங்கஸ் இருக்கு, டார்ச் அடிச்சுப் பார்த்தா நூல் நூலாத் தெரியுது." பங்கஸ் என்றால் ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருடம் பீரோவில் கிடந்த லென்ஸ், மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டை மாற்றினேனா என்று எனக்கே சந்தேகம். சரி, தப்பு நம் பக்கமே இருக்கட்டும் என்று சர்வீஸ் செலவுக்கு 4,000 ரூபாய் அனுப்பிவிட்டேன். நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம் இதுதான். நல்ல மனசில் கொடுத்த அந்த 4,000தான் பின்னால் "குறை இருந்ததை இவரே ஒத்துக்கொண்டார்" என்பதற்குச் சாட்சி ஆனது. அதுவும் போனில் பேசி, எதுவும் எழுத்தில் வாங்காமல், ஜிபேயில் ஒரு குறிப்புகூடப் போடாமல் அனுப்பியது.

ஒரு வாரம் கழித்து, லென்ஸ் சரியாகவில்லை, திருப்பி அனுப்புகிறேன், 10,000 கொடுங்கள் என்றான். முதலில் லென்ஸ் வரட்டும், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். (இதையாவது வாட்ஸாப்பில் சொன்னேன்.) வந்தது. பங்கஸ் இருந்தது உண்மைதான். ஆனால் ஜூம் வளையம் என்னுடையதைவிட லூஸாக இருந்தது, பின்பக்க ஸ்க்ரூவில் கீறல் வேறு. பழைய பில்லைத் தேடி எடுத்து சீரியல் எண்ணைப் பார்த்தால் கடைசி நான்கு இலக்கமும் வேறு. கேட்டதற்கு, "நீங்க அனுப்பினதைத்தான் அனுப்பியிருக்கேன்" என்று ஒரே பதில். பணம் தர முடியாது என்று சொல்லிவிட்டு லென்ஸைத் திருப்பி அனுப்பினேன். அவன் வாங்க மறுத்து அது என்னிடமே வந்து சேர்ந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி வண்டி இஎம்ஐ பவுன்ஸ். வங்கிக்குப் போனால், 1930 என்ற சைபர் மோசடி புகார் எண்ணுக்கு யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் கணக்கில் 38,000 லியன் போட்டிருக்கிறோம், அதாவது அவ்வளவு பணத்தை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைத்திருக்கிறோம் என்றார்கள். எனக்கு ஒரு எஸ்எம்எஸ்கூட வரவில்லை. "இது எங்க கையில இல்ல சார், புகார் இருக்கிற போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து லெட்டர் வந்தாத்தான் எடுக்க முடியும்" என்று மேனேஜர் புகார் எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். பணத்தை இழந்தவர்கள் உடனே கூப்பிடுவதற்கு இருக்கும் எண்ணை இவன் என் கழுத்தைப் பிடிக்கப் பயன்படுத்தியிருக்கிறான்.

பொருளை அனுப்பாமல் ஏமாற்றிவிட்டேன் என்று புகாரில் எழுதியிருந்தானாம். அதனால் கூரியர் ரசீதும் டெலிவரி ஆன விவரமும் பாதி வேலையை முடித்தன. மீதி வேலையை முடித்தது ஒரு போட்டோ. விளம்பரத்துக்காக லென்ஸின் பின்பக்கத்தை ஒரு படம் எடுத்திருந்தேன், அதில் சீரியல் எண் தெளிவாக விழுந்திருந்தது. தற்செயலாக எடுத்ததுதான், நான் புத்திசாலி என்று நினைக்க வேண்டாம். பில், அந்தப் படம், வாட்ஸாப் பேச்சு, ரசீது எல்லாவற்றையும் புகார் எண்ணோடு அந்த ஸ்டேஷனுக்கு மெயில் செய்து, பதில் வராமல் மறுபடி அனுப்பி, போன் மேல் போன் போட்டு, லியன் எடுக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. 4,000 போனது போனதுதான். பவுன்ஸ் ஆனதற்கான அபராதம் தனி.

எதையாவது விற்கப் போகிறீர்கள் என்றால் தயவுசெய்து சம்பளம் வரும் கணக்கில் அந்தப் பணத்தை வாங்காதீர்கள், அதிகம் புழங்காத வேறு கணக்கு ஒன்றைக் கொடுங்கள். பொருள் வேலை செய்வதையும், சீரியல் எண்ணையும் (போன் என்றால் ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அடித்தால் வரும் ஐஎம்இஐ எண்), டப்பாவை டேப் போட்டு ஒட்டுவதையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளேயும் காட்டுங்கள். அந்த வீடியோ இருந்திருந்தால் பங்கஸ் என்று அவன் சொன்ன அன்று என் லென்ஸ் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்காது. நிக்கான் விற்கிறவர்கள் அன்று எடுத்த ஒரு ஜேபெக் படத்தையும் அனுப்பிவையுங்கள், ஷட்டர் எத்தனை முறை அடித்தது என்ற கணக்கு அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும், பிறகு அதை வைத்து ஒரு சண்டை வராது. முடிந்தால் உள்ளூரிலேயே நேரில் கொடுத்துவிடுங்கள், ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை.

அந்தப் பங்கஸ் லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அது அவனுடையதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, என்னைப் போல வேறு யாரிடமோ வாங்கியதாகவும் இருக்கலாம். பெங்களூருக்கு 18-140 விற்று, பிறகு இதே மாதிரி போன் வந்தவர்கள் யாராவது இருந்தால் உங்கள் பில்லில் இருக்கும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பொருத்திப் பார்த்துச் சொல்கிறேன்.