மகளுக்கு மருத்துவக் கல்லூரி பார்க்க ராச்செஸ்டர் போய் வந்தோம்

நியூஜெர்சி எடிசனிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டினேன். ஏப்ரல் மாதம், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் ரோட்டோரம் இன்னும் அழுக்குப் பனி. மகளுக்கு இடம் கிடைத்திருந்த மூன்று மருத்துவக் கல்லூரிகளில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகமும் ஒன்று. நான் தரவரிசையும் கட்டணமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு: "அந்த ஊர்ல நான் கையால பேசினா புரிஞ்சுக்க ஆள் இருக்காப்பா?"

பள்ளியில் கூடப் படித்தவர்கள் ஸ்பானிஷ் எடுத்தபோது இவள் அமெரிக்கச் சைகை மொழி எடுத்தாள். ஆங்கிலத்தைக் கையால் காட்டுவார்கள் போல என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, அதற்குத் தனி இலக்கணம். உறவு பிரெஞ்சுச் சைகை மொழியோடு. லண்டனுக்குப் போனால் அங்குள்ள சைகை மொழியே வேறு.

கல்லூரியில் படித்தபோது ஒரு மருத்துவமனையில் தன்னார்வலராகப் போய்வந்தாள். ஒருநாள் அவசரப் பிரிவுக்குக் காது கேளாத பெரியவர் ஒருவர் வந்திருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் தெரிய வேண்டிய வீடியோ திரை பாதியில் உறைந்துவிட்டது. அதற்குள் அவருடைய வலது புறங்கையில் ஊசி ஏற்றி, டியூபையும் டேப் போட்டு ஒட்டிவிட்டார்கள். அவர் பேசும் கை அது. "வாயில பிளாஸ்திரி போட்ட மாதிரிப்பா" என்றாள். நீயே பேசியிருக்கலாமே என்றதற்கு, "அரைகுறையா சொன்னா மருந்தே மாறிடும்" என்றாள். அது எனக்குப் புரிந்தது. எங்கம்மா கோவில்பட்டியிலிருந்து வந்திருந்தபோது வேறொரு மருத்துவமனையில் "கிறுகிறுன்னு வருது" என்று சொல்ல, போனில் வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதைத் தலைவலி ஆக்கினார். ஆச்சி பக்கத்தில் இவள் இருந்ததால் தப்பித்தோம்.

சரி, ராச்செஸ்டருக்கு வருவோம். மக்கள்தொகை விகிதத்தில் காது கேளாதவர்கள் மிக அதிகமாக வாழும் அமெரிக்க ஊர்களில் இது ஒன்று. 1876-லிருந்தே காது கேளாதவர்களுக்கான பள்ளி இருக்கிறது. அவர்களுக்கான தேசியத் தொழில்நுட்பக் கல்லூரி 1965-ல் சட்டமாகி, 1968-ல் மாணவர்களைச் சேர்த்தது. படித்தவர்களில் பலர் இங்கேயே தங்கிவிட, ஊருக்கே கைப்பேச்சு பழகிவிட்டது. நாங்கள் நுழைந்த காபிக்கடையில் மூன்று பையன்கள் சத்தமே இல்லாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் போய் ஏதோ கைகாட்ட, பத்து நிமிஷம் என்னை மறந்துவிட்டாள்.

மருத்துவக் கல்லூரியில் எனக்குப் பிடித்தது 1998-ல் தொடங்கிய ஒரு பயிற்சி. அதன் பெயர் 'டெஃப் ஸ்ட்ராங் ஹாஸ்பிட்டல்' ('டெஃப்' என்றால் காது கேளாதவர்). அவர்களுடைய ஸ்ட்ராங் மெமோரியல் மருத்துவமனையின் பெயரை வைத்துச் செய்த விளையாட்டு. முதலாண்டு மாணவர்கள் நோயாளி ஆகிவிடுவார்கள். வரவேற்பாளர், டாக்டர், மருந்துக்கடைக்காரர் எல்லாம் ஊரிலுள்ள காது கேளாதவர்கள். வாய் திறக்கக் கூடாது. தன் முறை வந்ததே தெரியாமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அங்கே தெரியும். சைகை மொழி சங்கம் வைத்திருப்பதாகச் சொல்லும் கல்லூரிகளை விட இதற்கு நான் கூடுதல் மார்க் போடுவேன்.

நோயாளிகளோடு பேச ஸ்பானிஷ்தான் முக்கியம் என்பவர்களுக்கு டெக்சாஸின் எல் பாசோ நல்ல இடம். மெக்சிகோவின் ஜுவாரெஸ் நகரையொட்டிய எல்லைக்கு இந்தப் பக்கம், 2009-ல் முதல் வகுப்பைச் சேர்த்த பால் ஃபாஸ்டர் மருத்துவப் பள்ளி. ஸ்பானிஷ் அங்கே கட்டாயப் பாடம். ஆனால் டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் வெளிமாநிலத்தவருக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் இடம் கிடையாது. நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஒன்று கேளுங்கள்: மாணவர் நோயாளியிடம் அந்த மொழியில் நேரடியாகப் பேசுவதற்கு முன் தேர்வு உண்டா, இல்லை தெரியும் என்று சொன்னாலே நம்பிவிடுவார்களா? பதிலைச் சொல்லத் தயங்கினால் எனக்குச் சந்தேகம் வரும்.

குறைகள்? குளிர். இந்த ஊரின் பேர்பெற்ற 'கார்பேஜ் பிளேட்' உருளைக்கிழங்கு, மக்ரோனி, இறைச்சி எல்லாம் ஒரே தட்டில் குவித்து வரும் சமாசாரம். சைவக்காரனான நான் பக்கத்து மேஜையில் பார்த்ததோடு சரி. முன்பணம் கட்டியாகிவிட்டது. பனி பூட்ஸ்தான் இன்னும் வாங்கவில்லை.