தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்: பெயர் எளிதில் கிடைக்கும், பில்லில்தான் சிக்கல்

அமெரிக்க மக்கள்தொகையில் கருப்பினத்தவர் ஏறக்குறைய 13 சதவீதம். உளவியலாளர்களில் அவர்கள் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம்தான். கருப்பின தெரபிஸ்ட் ஒருவரை இன்சூரன்ஸ் கம்பெனியின் பட்டியலில் தேடித் தேடிப் பலர் சலித்துப்போவது இதனால்தான். அட்லாண்டா உளவியலாளர் ஜாய் ஹார்டன் பிராட்ஃபோர்ட் 2014-இல் தொடங்கிய 'தெரபி ஃபார் பிளாக் கேர்ள்ஸ்' அந்தச் சலிப்பைக் குறைக்கிறது. கருப்பினப் பெண்களை மனதில் வைத்துத் தொகுத்த தெரபிஸ்ட் பட்டியல் இது. ஆனால் கிளினிக் அல்ல. நேரம், கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் அந்தந்த தெரபிஸ்ட்டின் கையில்.

முதல் சிக்கல் உரிமம். ஆன்லைனில் பேசும்போது நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அங்கே சிகிச்சை தர தெரபிஸ்ட்டுக்கு உரிமம் இருக்க வேண்டும். ஜார்ஜியாவில் படிக்கும் மாணவி விடுமுறைக்கு வேறு மாநிலத்திலுள்ள வீட்டுக்குப் போனால் சிகிச்சை பாதியில் நிற்பது இப்படித்தான். மாநில எல்லை தாண்டிச் சிகிச்சை தர அனுமதிக்கும் சைபாக்ட் ஒப்பந்தம் (40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்தது) இதற்கு வழிசெய்கிறது, ஆனால் உளவியலாளர்களுக்கு மட்டும். பட்டியலில் சமூகப் பணியாளர்களும் கவுன்சிலர்களும் இருப்பார்கள். யார் எந்த உரிமம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பணம். உங்கள் இன்சூரன்ஸை தெரபிஸ்ட் ஏற்காவிட்டால் முழுத் தொகையையும் முதலில் நீங்கள் கட்டி, சூப்பர்பில் எனும் விவரமான ரசீதை வாங்கி, பணத்தைத் திரும்பக் கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அதில் நோய்க் குறியீடு, அவருடைய என்பிஐ எண் (சிகிச்சை தருபவருக்கான தேசிய அடையாள எண்), அமர்வுக் குறியீடு மூன்றும் இருக்கட்டும். அமர்வுக் குறியீடு 90834 என்றால் 38 முதல் 52 நிமிடம், 90837 என்றால் 53 நிமிடமும் அதற்கு மேலும். 45 நிமிடம் பேசிவிட்டு 90837 போட்டிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். இன்சூரன்ஸே இல்லாதவர்கள் எழுத்தில் கட்டண மதிப்பீடு கேட்கலாம். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் 120 நாளுக்குள் முறையிடலாம்.

கருப்பினத்தவர் என்பதாலேயே ஒருவர் பொருந்திவிட மாட்டார். வேலையிடத்துப் பாகுபாட்டைச் சொன்னால் எப்படிக் கையாள்வீர்கள் என்று முதல் போன் பேச்சிலேயே கேளுங்கள். 'அது உங்கள் கண்ணோட்டம்' என்றால் அடுத்த பெயருக்குப் போய்விடலாம். மனச்சோர்வைத் தவறவிட்டு ஸ்கிட்ஸோஃப்ரீனியா (மனச்சிதைவு) என்று முத்திரை குத்துவது கருப்பின நோயாளிகளுக்கு அதிகம் நடப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பழைய நோயறிதல் ஏதும் இருந்தால் அதை மறுபடி ஆராயச் சொல்வதில் தவறில்லை.

உயிருக்கு ஆபத்தான நெருக்கடிக்கு இந்தப் பட்டியல் உதவாது. அதற்கு அமெரிக்காவின் நெருக்கடி உதவி எண் 988: போன் செய்யலாம், மெசேஜும் அனுப்பலாம், எந்த நேரமும்.