வளைய பெப்டைடை மருந்தாக்க மீத்தைலா, கொழுப்பு வாலா?

புதுச்சேரி காலாப்பட்டில் என் ஆய்வுக்கு எடுத்திருப்பது ஆறு அமினோ அமிலம் கொண்ட ஒரு வளைய பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியை வளையமாக மூடியது. வளையத்துக்கு முனை கிடையாது, அதனால் முனையிலிருந்து அரிக்கும் நொதிகளுக்கு அதில் வேலை இல்லை. அதற்கு மேல் அதை மருந்தாக்க இரண்டு வழி இருந்தது: சங்கிலியின் நைட்ரஜனில் மீத்தைல் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் கொண்ட சிறு தொகுதி) ஏற்றுவது, அல்லது பக்கவாட்டில் நீளமான கொழுப்பமில வாலை ஒட்டுவது. நான் மீத்தைல் பக்கம் போனேன்.

வாலின் பலம் ரத்தத்தில் தெரியும். அது ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் சிறுநீரகம் மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றாது. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிலுகோபிளான் இந்த வகைதான். ஆனால் தினமும் தோலுக்கடியில் ஊசி போட வேண்டும். வால் ஒட்டும் வேலையில் என் கை அதிகம் பழகவில்லை, அதனால் அதன் சிரமங்களை நான் குறைத்துச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு முடிவைத் தந்தது செல் சவ்வு. பெப்டைடின் ஒவ்வொரு அமைடு என்எச்சும் (அமினோ அமிலங்களை இணைக்கும் பிணைப்பிலுள்ள நைட்ரஜன்-ஹைட்ரஜன் ஜோடி) தண்ணீரைப் பிடித்திருக்கும். கொழுப்பான சவ்வுக்குள் நுழைய அதை விட்டாக வேண்டும், அதற்கு ஆற்றல் செலவாகும். ஹைட்ரஜன் இருந்த இடத்தில் மீத்தைல் வந்துவிட்டால் பிடிக்க ஒன்றுமில்லை. உறுப்பு மாற்றம் செய்தவர்களுக்குக் கொடுக்கும் சைக்ளோஸ்போரினைப் பாருங்கள்: 11 அமினோ அமிலம், 7 மீத்தைல். மீதி நான்கு என்எச்சும் சவ்வுக்குள் போகும்போது உள்ளுக்குள்ளேயே பிணைந்துகொள்கின்றன, தண்ணீரில் வடிவம் மாறுகிறது. பச்சோந்தி மாதிரி. மூலக்கூறு எடை 1,200-ஐத் தாண்டியும் அதை வாய்வழியாகக் கொடுக்க முடிகிறது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மூன்று மீத்தைல் ஏற்றிய ஆறு அமினோ அமில வளையம் ஒன்றில் 28 சதவீதம் எலியின் ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வாயால் கொடுத்துத்தான்.

வாய்வழி மருந்து எங்கள் ஊர்ப்பக்கம் எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். பெரும்பாலான பெப்டைடு ஊசிகளுக்குக் குளிர்பெட்டி தேவை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையைக் கடந்த பிறகு கடலூர் கிராமங்கள் பலவற்றில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சைக்ளோஸ்போரின் கேப்சூல் சாதாரண அறை வெப்பத்திலேயே இருக்கும்.

மீத்தைலைக் கண்ட இடத்தில் ஏற்றவும் கூடாது. உள்ளே பிணைந்திருக்கும் என்எச்சில் கை வைத்தால் வளையத்தின் வடிவமே குலையும். இலக்கைத் தொடுகிற என்எச்சில் வைத்தால் மருந்தின் பிடியே போய்விடும். மூலக்கூறின் ஒவ்வொரு ஹைட்ரஜனும் எந்தச் சூழலில் இருக்கிறது என்று காட்டும் என்எம்ஆர் கருவியில் வெப்பநிலையைக் கூட்டிக்கொண்டே போனால், வெளியே நிற்கும் என்எச்சின் சிக்னல் நன்றாக நகரும், உள்ளே ஒளிந்தது அவ்வளவு அசையாது. நகர்கிறதில்தான் ஏற்ற வேண்டும்.

மீத்தைல் வைத்தால் ஜெயித்துவிடும் என்றும் இல்லை. சிலெங்கிடைடு ஒரு மீத்தைல் கொண்ட ஐந்து அமினோ அமில வளையம். மூளைக் கட்டிக்கான மூன்றாம் கட்டச் சோதனையில் அது நோயாளிகளின் ஆயுளைக் கூட்டவில்லை.

இலக்கு ரத்தத்திலேயே இருந்தால் வாலையே எடுத்துக்கொள்ளுங்கள், செல்லுக்குள் என்றால் மீத்தைல். அப்புறம், மீத்தைல் ஏறிய நைட்ரஜனோடு அடுத்த அமினோ அமிலம் லேசில் சேராது, இரண்டு தடவை கப்ளிங் (அமினோ அமிலத்தை இணைக்கும் வினை) செய்யத் தயாராக இருங்கள். அடுத்தடுத்து இரண்டு மீத்தைல் இருந்தால், சங்கிலியை வளர்க்கும் பிசின் மணிகளான ரெசினிலிருந்து டிஎஃப்ஏ என்ற அமிலம் போட்டுப் பிரிக்கும்போது சங்கிலி அங்கேயே அறுபடலாம். அதனால் மாஸ் ஸ்பெக்கில் மூலக்கூறு எடையைப் பார்க்காமல் வளையமாக்கும் படிக்குப் போகாதீர்கள்.