வீடியோ பார்த்துக் கற்பதா, ஸ்டுடியோவில் நின்று கற்பதா?

பாட்டைப் பதிவு செய்து மெருகேற்றும் வேலையை எப்படிக் கற்பது என்று, வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு அறையிலேயே பாட்டுப் பதிவு செய்யும் தம்பிகள் இரண்டு பேர் கேட்டது இது.

செலவு: வீடியோவுக்கு டேட்டா போதும், பாட்டுப் பதிவுக்கான ரீப்பர் மென்பொருளைக்கூட 60 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ஸ்டுடியோ என்றால் காட்பாடியில் ரயிலேறி சென்னைக்குச் சுமார் 130 கிலோமீட்டர், அப்புறம் மணிக்கணக்கில் வாடகை.

வசதி: வீடியோவை நிறுத்தித் திருப்பிப் பார்க்கலாம். ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு எஞ்சினியரின் கையை நிறுத்த முடியாது.

மனதில் நிற்பது: இங்கேதான் விஷயமே. 'கம்ப்ரஸரில் (எகிறும் சத்தத்தை அடக்கும் கருவி) ரேஷியோ 4:1' என்பார்கள், அதாவது த்ரெஷோல்டை (அடக்கல் தொடங்கும் அளவு) தாண்டி 4 டெசிபல் ஏற வேண்டிய சத்தம் 1 டெசிபல்தான் ஏறும். சரி, உங்கள் குரலுக்கு அந்த த்ரெஷோல்டு எங்கே இருக்கணும்? அதை எந்த வீடியோவும் சொல்லாது. என் குரல் கும்மென்று அடைத்துக் கேட்டதற்கு மூன்று மாதம் ஈக்யூவை (பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைப்பது) திருகிக்கொண்டிருந்தேன். ஸ்டுடியோவில் எஞ்சினியர் எதையும் திருகவில்லை, வாயோடு ஒட்டி நின்ற என்னை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கச் சொன்னார், அவ்வளவுதான். கார்டியாய்டு மைக்குக்கு (முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் வகை) மிக நெருங்கினால் பேஸ், அதாவது அடிச்சத்தம், வீங்கும். (மே மாத வேலூரில் ஃபேனை அணைத்துவிட்டுப் பாடுவது எப்படி என்று மட்டும் அவருக்கும் தெரியவில்லை.)

மென்பொருளே இன்னும் கைக்கு வராதவர்களுக்கு வீடியோதான். நாலைந்து பாட்டு முடித்து ஒரே இடத்தில் முட்டிக்கொண்டிருப்பவர்கள், சொந்தப் பாட்டோடு ஸ்டுடியோவை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள்.