அஸ்தம்பட்டி மாடியிலிருந்து ஏற்காட்டுக்கு: 60 செ.மீ. டிஷ்ஷுடன் 5 வருட அனுபவம்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை விளிம்பு முழுசாகத் தெரியும். அந்த விளிம்பில்தான் அண்ணனின் காப்பித் தோட்டம். சாலையில் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள், 30 கிலோமீட்டருக்குப் பக்கம். நேர்கோட்டில் 12 கிலோமீட்டர்தான். மலையில் மரம் விழுந்து கேபிள் அறுவது வாடிக்கை என்பதால், என் வீட்டு ஃபைபர் இணைப்பை 5.8 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ வழியாக மேலே அனுப்பலாம் என்று முடிவு செய்தோம்.

முதலில் வாங்கியது 20 செ.மீ. தட்டை ஆன்டெனா. விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். எட்டு மாதத்தில் வெறுத்துவிட்டது. காலையில் நன்றாக இருக்கும், சாயங்காலம் ஆனால் திணறும். காரணம் அதன் கோணப் பரவல், அதாவது அலை எத்தனை டிகிரிக்கு விரிகிறது என்பது.

ஓர் அலை எந்த அளவு வாயிலிருந்து புறப்படுகிறதோ, அதை வைத்துத்தான் அதன் விரிவு. வாய் சின்னதானால் விரிவு அதிகம், பெரிதானால் குறைவு. டிஷ்ஷுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: அலைநீளத்தை விட்டத்தால் வகுத்து 70-ஆல் பெருக்கினால், கற்றையின் அகலம் ஏறத்தாழ டிகிரியில் வந்துவிடும். 5.8 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 5.2 செ.மீ. ஆக 60 செ.மீ. டிஷ்ஷுக்கு 6 டிகிரி. எங்கள் தட்டை ஆன்டெனாவுக்கோ 18 டிகிரி. கேட்க வித்தியாசம் பெரிதாகத் தோன்றாது. 12 கிலோமீட்டர் தள்ளிப் பாருங்கள்: 18 டிகிரி என்பது 3.8 கிலோமீட்டர் அகலம், 6 டிகிரி ஒன்றேகால் கிலோமீட்டர். மலையில் இருக்கும் ஆன்டெனா சேலத்தைப் பார்த்து நிற்கிறது. 3.8 கிலோமீட்டர் அகலத்துக்கு ஊரில் உள்ள ரேடியோக்களின் இரைச்சல் எல்லாம் அதன் காதில் விழும். சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பியதும் என் சிக்னல் அந்தக் கூட்டத்தில் அமுங்கிப் போனது.

இரண்டு பக்கமும் 60 செ.மீ. டிஷ் மாற்றினோம். அதிலும் ஏழு மாதம் வீணானது. பொருத்த வந்தவர் சிக்னல் கிடைத்த இடத்தில் நட்டை முறுக்கிவிட்டு இறங்கிவிட்டார். சிக்னல் அளவு மைனஸ் 84 dBm காட்டியது (பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் பலம்). கணக்குப்படி மைனஸ் 65 வாக்கில் வந்திருக்க வேண்டும். கிட்டத்தட்ட 20 டெசிபல் குறைவு, அதாவது நூறில் ஒரு பங்கு சக்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே 13 எண் ஸ்பேனரோடு ஏறி, நட்டைத் தளர்த்தி டிஷ்ஷை மெல்லத் திருப்பினேன். மைனஸ் 84-லிருந்து சிக்னல் இறங்கி, ஏறக்குறைய செத்தே போனது. இன்னும் கொஞ்சம் திருப்பினதும் கிடுகிடுவென ஏறி மைனஸ் 66-இல் நின்றது. அவர் பிடித்தது பக்கக் கற்றை! எந்த டிஷ்ஷும் தன் சக்தியை ஒரே கூம்பில் அடைத்து அனுப்ப முடியாது. ஓரங்களில் சின்னச் சின்னக் கற்றைகள் கசியத்தான் செய்யும். புதிதாகப் பொருத்துகிறவர்கள் முதலில் சிக்னல் கிடைத்த இடத்தில் நிறுத்தாதீர்கள். இரண்டு பக்கமும் 15 டிகிரியாவது திருப்பிப் பார்த்துவிட்டு, பெரிய உச்சி எது என்று தெரிந்த பிறகு முறுக்குங்கள்.

பனிமூட்டத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். டிசம்பரில் மேலே பத்தடி தள்ளி நிற்கிற ஆள் தெரிய மாட்டார், ஜீப்பின் ஹெட்லைட் வெளிச்சம் வெள்ளைப் புகையாக விரிந்துவிடும். இணைப்பு மட்டும் அசையவே அசையாது. பனித்துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். ஒளியின் அலைநீளத்துக்கு அது பெரிய உருண்டை, எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். 5 செ.மீ. அலைக்கு அப்படி ஒரு துளி இருப்பதே தெரியாது.

உண்மையான தொல்லை மரம். மூன்றாம் வருடம் சிக்னல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, மழை பெய்த மறுநாள் மிக மோசமானது. பழையபடி ஏறி டிஷ்ஷைத் திருப்பினேன். முன்பு ஊசி மாதிரி இருந்த உச்சி, இப்போது மேடு மாதிரி அகன்று தட்டையாக இருந்தது. அப்போதுதான் புரிந்தது. நேராக வந்த அலை இப்போது பல கோணங்களிலிருந்து வருகிறது. வழியில் ஏதோ சிதறடிக்கிறது. 1909-இல் இயற்பியலாளர்கள் கைகரும் மார்ஸ்டனும் ஆல்ஃபா துகள்களை மெல்லிய தங்கத் தகட்டில் மோதவிட்டு, சில துகள்கள் பெரிய கோணங்களில் திரும்பித் தெறிப்பதைக் கண்டார்கள். அந்தக் கோணங்களை வைத்தே அணுவுக்குள் கரு இருப்பதை ரூதர்ஃபோர்டு கண்டார். படித்த காலத்தில் பரீட்சைக்கு எழுதியதோடு சரி. மாடியில் ஸ்பேனரோடு நின்றபோதுதான் அதன் அருமை தெரிந்தது.

தோட்டத்தில் 200 மீட்டர் கீழே, மிளகுக்கொடி ஏறிய இரண்டு சில்வர் ஓக் மரங்கள் வளர்ந்து வழிக்கு வந்திருந்தன. பார்வைக் கோட்டை அவை தொடவில்லை. ஆனால் அந்த இடத்தில் கோட்டைச் சுற்றி 3 மீட்டர் ஆரத்துக்காவது காலியாக இருக்க வேண்டும். ஈர இலை இன்னும் மோசம், சிதறடிப்பதோடு உறிஞ்சவும் செய்யும். நிழல் கவாத்துக்கு வந்த பெரியவர் மேலேயிருந்து, “ஏனுங்க தம்பி, கிளை மட்டும் போதுங்களா, உச்சியும் எடுக்கோணுமா?” என்றார். “உச்சியும் எடுத்துருங்கய்யா” என்றேன். அன்று மாலையே மைனஸ் 67.

கோணப் பரவல் எல்லா இடத்திலும் கெடுதல் என்று நினைத்துவிட வேண்டாம். தோட்ட வீட்டுக்குள் இருக்கும் வைஃபை ரூட்டருக்கு அதுதான் பலம். சுவர், பீரோ, ஓடு என்று பட்டுத் தெறித்துப் பல கோணத்தில் அலை வருவதால், பல ஆன்டெனாக்களும் தனித்தனித் தகவலோடையைப் பிரித்தெடுக்க முடிகிறது. மலை இணைப்பில் அலை ஒரே கோணத்தில் வருவதால் அந்த வழி கிடையாது. அங்கே ஓர் அலையைச் செங்குத்தாகவும் இன்னொன்றைக் கிடையாகவும் அதிரவிட்டு இரண்டு ஓடைகளை அனுப்புகிறது ரேடியோ.

மற்றபடி, ஒரு சித்திரை இடியில் பவர் அடாப்டர் கருகியது; அதன்பின் எர்த்திங் சரிசெய்தோம். குரங்குகள் கேபிளை இரண்டு முறை பிய்த்தன. இரும்புக் குழாய்க்குள் விட்டதும் நின்றது. டிஷ்ஷில் துரு இல்லை, முகப்பு மூடி மட்டும் வெயிலில் மஞ்சளாகிவிட்டது.

காப்பிக் களத்தின் கேமரா இப்போது இந்த இணைப்பில்தான் ஓடுகிறது. போன வாரம் அளவு மைனஸ் 69. வெட்டின மரம் மறுபடி துளிர்த்திருக்கும். மழைக்கு முன்னால் பெரியவரை வரச் சொல்லியிருக்கிறோம்.