டிராக்கில் ஒரு பழைய எஸ்டீம்: நாலு பேர் சேர்ந்து ஓட்டிய அனுபவம்

மலிவாக ஒரு பழைய காரை வாங்கி ரேஸ் டிராக்கில் மணிக்கணக்காக ஓட்டுகிறோம் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஸ்பீடு போகும்?" என்றுதான். எங்கள் வண்டியைப் பொறுத்தவரை அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. 2004 மாடல் மாருதி எஸ்டீம், 1298 சிசி, 85 குதிரைத்திறன். புதுச்சேரியில் நாலு பேர் பங்கு போட்டு வாங்கினோம். சில வருடங்களாக, சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்தான் அதற்கு வேலை. இதே போல ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்: வண்டி எங்கே தாங்கியது, எங்கே தாங்கவில்லை, பணம் எங்கே போனது.

இந்த யோசனையே அமெரிக்காவில் இருந்து வந்ததுதான். 2006-இல் ஜே லாம் என்பவர் கலிஃபோர்னியாவில் "24 அவர்ஸ் ஆஃப் லெமன்ஸ்" என்ற போட்டியைத் தொடங்கினார். வண்டியின் விலை 500 டாலரைத் தாண்டக் கூடாது என்பது விதி. நம் கணக்கில் 40,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவரைக் காக்கும் இரும்பு பைப் கூண்டு), சீட், பெல்ட், டயர், பிரேக் போன்ற பாதுகாப்புச் சாமான்கள் இந்தக் கணக்கில் சேராது. விலையை மறைத்து நல்ல வண்டியாகக் கொண்டுவந்தால், பார்வையிடும் நடுவர்கள் அபராதச் சுற்றுகளை எழுதிவிடுவார்கள். பெயரில்தான் 24 மணி நேரம். பெரும்பாலான போட்டிகள் இரண்டு பகலாகப் பிரித்து ஓட்டப்படுகின்றன. எனக்கு ரொம்பப் பிடித்தது வேறு: அங்கே மிக உயர்ந்த பரிசு முதலில் வந்த வண்டிக்கு இல்லை. படுமோசமான வண்டியை வைத்துக்கொண்டு யாரும் நினைக்காத அளவுக்குச் சுற்று ஓடிய குழுவுக்குத்தான்.

எங்கள் குழுவில் ஒருவரின் பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜூன் மாதம் பிரான்ஸில் 24 மணி நேர லெ மான் கார் பந்தயம் ஓடும்போது அவர் வீட்டு டிவியை யாரும் தொட முடியாது. லெ மானுக்கு நம்மால் போக முடியாது, லெமன்ஸுக்கும் போக முடியாது, இருங்காட்டுக்கோட்டைக்குப் போகலாமே என்று அந்தக் கூடத்தில்தான் பேச்சு ஆரம்பித்தது.

நாங்கள் செய்வது ரேஸ் இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முறையான போட்டி என்றால் இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் அனுமதியும் லைசென்ஸும் வேண்டும். எங்களுடையது டிராக் டே. சில குழுக்கள் சேர்ந்து நேரத்தை வாடகைக்கு எடுத்து, வளைவுகளில் ஓவர்டேக் கூடாது, கை காட்டினால்தான் முந்தலாம் என்ற கட்டுப்பாட்டோடு, டிரைவர் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். யார் ஜெயித்தார்கள் என்ற அறிவிப்பு கிடையாது. நாள் முடிவில் யாருடைய வண்டி எத்தனை சுற்று ஓடியது என்று எல்லோருக்கும் தெரியும், அது வேறு விஷயம். இன்னொன்று, சாதாரண கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயம், வேகச் சோதனை எல்லாம் விலக்கு என்று அச்சடித்தே இருக்கும். டிராக்கில் வண்டி அடிபட்டால் செலவு நம் பையில் இருந்துதான். மலிவு வண்டி ஏன் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

ஏன் எஸ்டீம்? எடை ஒரு டன்னுக்கும் கீழே. நாலு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். தொண்ணூறுகளில் இருந்தே நம் நாட்டு ராலிகளிலும் டிராக்குகளிலும் அடிபட்டு மிதிபட்டு வந்த வண்டி என்பதால், இதன் பலமும் பலவீனமும் தெரிந்த கைகள் தமிழ்நாட்டில் நிறைய. இன்ஜின் ஜிப்ஸியில் வந்த அதே குடும்பம். 2007-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் சென்னை புதுப்பேட்டையின் பழைய கார் சாமான் கடைகளில் ஒரு சுற்று வந்தால் கிடைக்காத சாமான் இல்லை. 13 இஞ்ச் டயர் என்பதால் டயர் செலவும் கட்டுப்படியாகிறது.

வாங்கிய விலை 48,000. இதைக் கேட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். ரோல் கேஜ், ஒரு பக்கெட் சீட், ஆறு முனை பெல்ட், தீயணைப்பான், ஆளுக்கொரு ஹெல்மெட், இதற்கெல்லாம் வண்டியின் விலையைப் போல இரண்டரை மடங்கு ஆனது. அதில் குறைக்க வழி இல்லை, குறைக்கவும் கூடாது. கேஜ் போட்ட பிறகு ரோட்டில் ஓட்டுவதை அடியோடு நிறுத்திவிட்டோம். சட்டப்படி அந்த மாற்றம் ரோட்டுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்பு பைப் இருப்பது சின்ன மோதலில்கூட ஆபத்து என்பது அதைவிடப் பெரிய காரணம். அதனால் திண்டிவனம், செங்கல்பட்டு, ஒரகடம் வழியாகப் போகிற அந்த நூற்றைம்பது கிலோமீட்டரும் வண்டி ரிகவரி லாரியின் முதுகில்தான் போகிறது. அந்த லாரி வாடகைதான் ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்குகிற செலவு. பெட்ரோலை நினைத்து நாங்கள் இவ்வளவு கவலைப்பட்டதில்லை; ரோட்டில் லிட்டருக்குப் பதினாலு கொடுத்த வண்டி டிராக்கில் ஐந்தோ ஆறோதான் கொடுக்கும் என்பது முன்பே தெரிந்ததுதானே.

சரி, விஷயத்துக்கு வருவோம். மணிக்கணக்காக ஓட்டும்போது பழைய வண்டியைக் கொல்வது வேகம் இல்லை, சூடு. இதை எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் குழுவின் நாலாவது ஆள். கடலூர் முதுநகரில் மீன்பிடிப் படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கிறவர், எங்கள் மூவரையும்விட வயதில் மூத்தவர், எங்களுக்கு அண்ணன். டிராக்கில் கார் ஓட்டிய அனுபவம் அவருக்கு அப்போது இல்லை. முதல் நாளே மீட்டர் போர்டைத் தட்டிப் பார்த்து, "இது பொய் சொல்லும் தம்பி" என்றார். பல சாதாரண கார்களில் சூடு நிறைய ஏறி இறங்கினாலும் அதைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும். அது அசைய ஆரம்பிக்கும்போது நேரம் கடந்திருக்கும். தனியாக ஒரு தண்ணீர்ச் சூடு மீட்டரும், ஆயில் அழுத்த மீட்டரும் வாங்கிப் பொருத்தினார். இரண்டும் சேர்த்து நாலாயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. வண்டியில் நாங்கள் போட்ட பணத்திலேயே வீண்போகாத பணம் அதுதான்.

அந்த ஆயில் மீட்டர் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. நீளமான வலது வளைவில் வேகம் எடுத்துப் போனால் அழுத்தம் சட்டென்று விழும். தொட்டியில் இருக்கிற ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிட, உறிஞ்சும் குழாய் ஒரு நொடி காற்றை இழுக்கிறது. அந்த ஒரு நொடி திரும்பத் திரும்ப வந்தால் பேரிங் போய்விடும். ஆயில் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம், ஆயில் அளவைக் குறியீட்டின் மேல்கோட்டிலேயே வைக்கிறோம். அதற்குப் பிறகு முள் விழுவது நின்றது. இன்ஜினை இன்றுவரை பிரித்ததில்லை.

பிரேக் கதை தனி. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ரோட்டுக்கு இது தாராளம். டிராக்கில் சில சுற்றுகளிலேயே பெடல் தளர்ந்து உள்ளே போக ஆரம்பித்தது. பலரும் பேடு தேய்ந்துவிட்டது என்று நினைத்துப் பேடை மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி, பெடலின் அழுத்தத்தைக் குழாய் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பிரேக் ஃப்ளூயிட்தான். டாட் 3, டாட் 4 என்பவை அதன் தர வகைகள். டாட் 3 ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. ஆனால் இது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற திரவம். ஈரம் ஏறிய டாட் 4, 155 டிகிரியிலேயே கொதிக்கலாம் என்று அந்தத் தர அளவே சொல்கிறது. கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியை அழுத்தினால் பிரேக் பிடிக்காது. நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் வருஷக்கணக்கில் மாற்றாத ஃப்ளூயிட் என்ன கதியில் இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது டிராக்குக்குக் கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் புது ஃப்ளூயிட். அதோடு ஓட்டி முடித்ததும் ஒரு முழுச் சுற்று பிரேக்கைத் தொடாமல் வந்து ஆற்றுவது, நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. சூடான டிரம்மில் ஷூவை இறுக்கி வைத்தால் டிரம் கோணிவிடும்.

இதில்தான் அண்ணனின் அருமை தெரிந்தது. எங்கள் நால்வரில் அவர்தான் மெதுவாக ஓட்டுகிறவர். வளைவுக்கு வெகு முன்பே ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுவார், பிரேக்கை லேசாகத் தொடுவார், வளைவுக்குள் வேகத்தை இழக்காமல் போவார். எங்களில் வேகமானவன் ஒரு சுற்றுக்கு அவரைவிட நாலு நொடி குறைவாக ஓட்டுவான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுற்று 3.7 கிலோமீட்டர், எங்கள் வண்டிக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்துக்கு 24 சுற்று. நாலு நொடி வீதம் மிச்சம் பிடித்தால் மொத்தம் 96 நொடி, ஒரு சுற்றுகூட இல்லை. ஆனால் பிரேக் கொதித்து பத்து நிமிடம் ஓரம் கட்டினால் போவது நாலு சுற்று. அண்ணன் ஓட்டும்போது வண்டி ஓரம் கட்டியதே இல்லை. "நடுக்கடல்ல நின்னா மெக்கானிக் நீந்தியா வருவான்?" என்பார். படகுக்காரர்கள் கையில் வளர்ந்த புத்தி அது. வேகமான பையனுக்கு இதை ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. இப்போதும் பாதிதான் ஒத்துக்கொள்கிறான்.

டயரில் இடது முன் டயர்தான் முதலில் போகும். டிராக் வலஞ்சுழியாகச் சுற்றுவது, அதனால் வலது வளைவுகளே அதிகம். எடை முழுவதும் இடது முன் மூலையில் விழுகிறது. வண்டி சாய்வதால் வெளி ஓரம் மட்டும் தேயும். பாதி நாளில் டயர்களை இடம் மாற்றிப் போட்டால் ஆயுள் கூடுகிறது. வீல் நட்டுகளை ஒவ்வொரு டிரைவர் மாற்றத்தின்போதும் டார்க் ரென்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) வைத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. கிளட்ச் கேபிள் ஒன்று கூடவே எடுத்துப் போவது நல்லது, மலிவான சாமான், இல்லாவிட்டால் ஒரு நாளே வீண்.

டிரைவருக்கும் சூடு உண்டு, அதை நாங்கள் வண்டியின் சூட்டைவிட அலட்சியமாக எடுத்துக்கொண்டிருந்தோம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் புதிதாக வருகிறவர்கள் அப்படித்தான் வருகிறார்கள். ஏசி கிடையாது, ஜன்னலில் வலை, உடம்பு முழுக்கத் துணி, தலையில் ஹெல்மெட். மே மாதத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒருவரை ஓட்ட விடுவதில்லை. மோரும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் ஐஸ் பெட்டியில் இருக்கும். பெட்ரோல் ஊற்றும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், டிரைவர் வெளியே, ஒருவர் தீயணைப்பானோடு பக்கத்தில். இதில் பேச்சே கிடையாது.

இனி உப்புக் காற்று. டிராக்கில் பட்ட அடியைவிட ஊரில் சும்மா நின்ற நாட்கள்தான் இந்த வண்டியை அதிகம் தின்றன. கடலில் இருந்து தள்ளி, வில்லியனூர் பக்கம் ஒரு ஷெட்டுக்கு மாற்றிய பிறகு துரு கொஞ்சம் குறைந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஷெட்டுக்குள் சீட் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர். கார்பெட், ஃபோம், பின் சீட் எல்லாவற்றையும் முன்பே பிடுங்கி எறிந்திருந்ததால் நாற்றம் பிடிக்க உள்ளே எதுவும் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்துக் காயவைத்து, ஆயில் எல்லாம் மாற்றி, பின் டிரம்மைத் துடைத்ததும் வண்டி கிளம்பியது. அதே தெருவில் புது கார்கள் மாதக்கணக்கில் பட்டறையில் கிடந்தன. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்து வண்டி என்றால் சீட் தண்டவாளத்துக்கு அடியிலும், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும், சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்தும் பாருங்கள். சேறு அங்கே ஒளிந்திருக்கும்.

பதினைந்து வருடம் கடந்த தனியார் காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆக்கினார்கள்; 2025-இல் இருபது வருடம் கடந்த கார்களுக்கு அதை இன்னும் கூட்டிவிட்டார்கள். டிராக்குக்கு மட்டும் என்று வைத்திருக்கும் வண்டிக்கு அது தேவையா என்று எங்களுக்குள் இன்னும் விவாதம் ஓடுகிறது. நான் வேண்டாம் கட்சி. அண்ணன், பேப்பர் இல்லாத படகைக் கரையில்கூட வைக்கக் கூடாது என்கிறார்.

இந்த வண்டியை யாருக்குச் சொல்வேன்? தனியாக வாங்க நினைப்பவருக்குச் சொல்ல மாட்டேன். லாரி வாடகையும் டிராக் கட்டணமும் ஒருவர் தலையில் விழுந்தால் ஒரே வருடத்தில் விற்றுவிடுவார். மூன்று நாலு பேர், அதில் ஒருவருக்காவது ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், ஒருவராவது மெதுவாக ஓட்டச் சம்மதிப்பார் என்றால் எஸ்டீம் இன்னும் நல்ல தேர்வுதான். ஆனால் துருப் பிடிக்காத எஸ்டீம் கிடைப்பது வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது. அதே பணத்துக்குப் பழைய ஸ்விஃப்ட் கிடைத்தால் அதையும் பாருங்கள், எடை கொஞ்சம் கூடுதல், சாமான் தாராளம். எங்களுடையதில் அடுத்த வேலை ரேடியேட்டர். புதுப்பேட்டையில் தண்ணீர் ஓடும் குழாய்கள் இரண்டு வரிசையாக இருக்கும் ரேடியேட்டர் கோர் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம், கோடை தொடங்கும் முன் வந்தால் நல்லது.