முட்டமா, பேச்சிப்பாறையா? பேர் தெரியாத நெபுலாக்களுக்கு எது தோது

ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு மேகத்தை மொட்டைமாடியிலிருந்து படம் எடுத்து அலுத்தவர்களுக்கு இரண்டு பட்டியல்கள் காத்திருக்கின்றன. வானியலாளர் பர்னார்டு 1919இல் தொகுத்த இருண்ட நெபுலாக்கள் 182. ரோட்ஜர்ஸ், கேம்ப்பெல், ஒயிட்டோக் மூவரும் 1960இல் தொகுத்த தென்வானத்து ஒளிரும் நெபுலாக்களும் 182. எண்ணிக்கைதான் ஒன்று, எடுக்கும் விதமும் எடுக்கும் இடமும் வேறு.

குமரி மாவட்டத்தில் நமக்கு வாய்த்தவை முட்டம் கடற்கரையும் பேச்சிப்பாறை அணையும். ஒரே ஓர் அமாவாசை இரவுதான் வாய்க்கும் என்றால் நான் முட்டத்துக்கே போவேன். வேலா விண்மீன் மண்டலத்தில் உள்ள ஆர்சிடபிள்யூ 32 (அந்த மூவரின் பெயர் முதலெழுத்துகள்தான் ஆர்சிடபிள்யூ), லண்டனில் எழுவதே இல்லை. டெல்லியில் 20 டிகிரி உயரம். நமக்கு ஏறக்குறைய 41. பிப்ரவரித் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கோட்டுக்கு, அதாவது தன் உச்ச உயரத்துக்கு வரும். அதற்குக் கீழே வெறும் கடல். வெளிச்சம் போட ஊரே இல்லை. அதன் சிவப்பு ஒளி 656.3 நானோமீட்டரில் வருவதால், குறும்பட்டை ஃபில்டர் அந்த நிறத்தை மட்டும் உள்ளே விட்டுத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சாதாரண கேமரா இந்தச் சிவப்பை வெகுவாகக் குறைத்துவிடும் என்பது தனிச் செலவுக் கணக்கு.

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். முட்டத்தில் அது லென்ஸைத் துளைக்கும். ஒருமுறை இரவு ஒரு மணிவாக்கில் நட்சத்திரங்கள் பஞ்சுபோல் உப்பித் தெரிந்தன. நட்சத்திரங்களோடு கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் மவுண்ட்தான் கெட்டுவிட்டது என்று அரைமணி நேரம் அதனோடு மல்லுக்கட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணாடி முழுக்க ஈரம். துடைத்த விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது. லென்ஸைச் சுற்றிச் சூட்டுப்பட்டை கட்டாமல் அங்கே போகாதீர்கள். கலங்கரை விளக்கின் ஒளிக்கு ஒரு பாறை மறைவு போதும்.

பேச்சிப்பாறை வேறு கணக்கு. இருண்ட நெபுலாவுக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னால் உள்ள நட்சத்திரங்களை மறைத்து நிற்கும் தூசி அது. நட்சத்திர ஒளி எல்லா நிறத்திலும் வருவதால் குறும்பட்டை ஃபில்டர் போட்டால் நமக்கு வேண்டியதும் போய்விடும். இருட்டைத் தேடிப் போவது ஒன்றே வழி. கேட்டைக்கு அருகிலிருந்து கிழக்கே ஆறுபோல் நீளும் பர்னார்டு 44க்கு அணைப் பக்கத்து இருட்டு பொருத்தம்தான். ஆனால் மாசித் தொடக்கத்தில் விடியலுக்கு முன் இரண்டு மூன்று மணி நேரமே கிடைக்கும். நீர்த்தேக்கத்தின் மேல் மூடுபனி எழுவதும் அதே நேரத்தில்தான். காட்டு ஓரம் என்பதால் தனியாகப் போகவும் வேண்டாம்.

இரண்டு இடத்துக்கும் பொதுவான தொல்லை துருவ நட்சத்திரம். மவுண்டின் அச்சை அதன் பக்கம் திருப்பி வைக்க வேண்டும். இங்கே அது 8 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. முட்டத்தில் தென்னை மறைக்கும், பேச்சிப்பாறையில் மலை. கணினி வான்படத்தைப் பார்த்துத் திசையைக் கணித்துக் கொடுத்துவிடும் என்று வையுங்கள். அப்போதும் பல மவுண்ட்களின் அச்சு 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. முக்காலியின் வடக்குக் காலைக் குட்டையாக்கிச் சரிக்கட்டலாம். அப்படிச் செய்த பிறகு, கேமராவுக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் எதிரெடை எந்தக் காலிலாவது இடிக்கிறதா என்று இருட்டுவதற்கு முன்பே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.